ஃபென்வே பார்க்கில் தூண் மறைக்காத சீட் எது?

மக்களே, பாஸ்டன் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். போன வருஷம் அங்கே ஃபென்வே பார்க் மைதானத்தில் ரெட் சாக்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டத்துக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை, மலிவாக இருக்கிறதே என்று கிராண்ட்ஸ்டாண்டில் எடுத்துவிட்டு, பார்வை மறையும் என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்ததைப் படிக்காமல் போய் உட்கார்ந்தால் நேர் எதிரே ஒரு இரும்புத் தூண்! பந்து வீசுபவர் தெரிகிறார், அடிப்பவர் தெரியவில்லை. ஆட்டம் முழுக்கக் கழுத்தை வளைத்து வளைத்தே பார்த்தேன். 1912-இல் திறந்த மைதானம், கூரையைத் தாங்கத் தூண் வேண்டும்தான், சரி. மர நாற்காலியும் குறுகல், முட்டி முன்சீட்டில் இடிக்கிறது. அடுத்த தடவை பிளீச்சர்ஸ், அதாவது கூரையில்லாத திறந்தவெளி சீட். தூண் இல்லை, ஆனால் மதிய வெயிலில் வெந்துவிட்டேன். 37 அடி உயரப் பச்சைச் சுவரும், அதில் இன்னும் கையால் எண் மாட்டும் ஸ்கோர்போர்டும் மட்டும் நன்றாகத் தெரிந்தன.

ஜூலையில் அப்பா வருகிறார். கிரிக்கெட் பைத்தியம், முட்டிவலி வேறு. நிழலும் வேண்டும், தூணும் மறைக்கக் கூடாது, படியும் அதிகம் ஏறக் கூடாது. எந்தப் பகுதி, எத்தனையாவது வரிசை எடுக்கலாம்? அப்புறம், உள்ளே பாப்கார்ன், கடலை தவிர சைவமாக வயிறு நிறைய ஏதாவது கிடைக்குமா?