டாக்கிகார்டியா: விரைதுடிப்பா, விரைவுத்துடிப்பா?

மஞ்சக்குப்பம், கடலூர்:
அனைவருக்கும் வணக்கம். செவிலியர் மாணவிகளுக்கான கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. இதயம் மிக வேகமாகத் துடிக்கும் டாக்கிகார்டியாவுக்குத் தமிழ்ச்சொல்லாகப் பழைய வரைவில் 'படபடப்பு' என்று இருக்கிறது. அது பொருந்தாது. போன வாரம் துறைமுகப் பக்கம் களப்பணிக்குப் போனோம். ஒரு பெண் "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுக்கா" என்றாள். நாடியை ஒரு நிமிடம் முழுக்க எண்ணினோம்: 84. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவருக்கு 126. "எனக்கு ஒண்ணும் இல்ல தாயி" என்று கையை இழுத்துக்கொண்டார். படபடப்பு அவரவர் உணர்வது. டாக்கிகார்டியா நாம் எண்ணிச் சொல்வது, ஓய்வில் 100க்கு மேல். 'விரைதுடிப்பு' சரிவருமா?

வில்லியனூர்:
வினைத்தொகை, ஒற்று மிகவில்லை, நன்று அம்மா. ஆனாலும் 'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள' என்று தொல்காப்பிய உரியியல் சொல் தந்திருக்கிறது. 'கதழ்துடிப்பு' என்போம். துடி பாலைக்குரிய பறை. இடை சிறுத்து இருபுறமும் முகம் கொண்டது. இதயத்துக்கும் லப், டப் என இரண்டு ஒலி. பறையின் பெயரே நெஞ்சுக்கு வந்தது என்பது என் துணிபு.

லாசுப்பேட்டை:
ஐயா, நள்ளிரவில் வார்டிலிருந்து போன் செய்து 'கதழ்துடிப்பு' என்றால் மருத்துவரான எனக்கே விளங்காது. விரைதுடிப்பிலும் சிக்கல் உண்டு. விரைவீக்கம் பற்றியும் இந்த மாணவிகள் படிக்கிறார்கள். அங்கே விரை என்பது ஆண்களின் விதை. 'மிகைத்துடிப்பு' என்றால் நடுவில் கூடுதலாக விழும் ஒற்றைத் துடிப்பு என்று கொள்வார்கள்.
நடப்பதைப் பாருங்கள். இதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை போல அடிக்கும். வேகஸ் நரம்பு கடிவாளம் பிடித்து 70 வாக்கில் நிறுத்துகிறது. எழுந்து நின்றாலே கடிவாளம் தளர்கிறது. பாம்பைக் கண்டால் பரிவு நரம்பும் அட்ரினலினும் சேர்ந்து விரட்டுகின்றன. காய்ச்சல், நீர் வற்றுதல், இரத்தசோகை, தைராய்டு மிகுதி எல்லாவற்றிலும் மாறுவது வேகம். சொல்லில் அது இருக்க வேண்டும்.

நெல்லிக்குப்பம்:
தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை (அரசன்) என நான்கு காரணம் சொல்கிறது. காய்ச்சல் வந்தவருக்கு அச்சமே வேண்டாம் போலிருக்கிறது! 'வேகத்துடிப்பு' என்றே எழுதுங்கள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் புரியும்.

வில்லியனூர்:
வேகம் வடசொல்.

நெல்லிக்குப்பம்:
இரத்தமும்தான். கையேடு முழுக்கக் குருதி என்று மாற்றுவோமா?

வில்லியனூர்:
மாற்றலாம். நான் இரவே உட்கார்ந்து திருத்தித் தருகிறேன்.

மஞ்சக்குப்பம்:
காலையில் அனுப்பியாக வேண்டும் ஐயா. வேகமும் சொல்லில் இருக்க வேண்டும், விரையோடு குழம்பவும் கூடாது; அதனால் 'விரைவுத்துடிப்பு' என்று போடுகிறேன், பக்கத்தில் டாக்கிகார்டியாவும் இருக்கும். 60க்குக் கீழே போகும் பிராடிகார்டியா, வரைவில் உள்ளபடி 'மந்தத்துடிப்பு'.

வில்லியனூர்:
வினைத்தொகையை இழந்துவிட்டோம்; கதழ்துடிப்பை நான் விடவில்லை. மந்தமும் வடசொல்தான். 'மெல்துடிப்பு' என்றாவது மாற்றுங்கள்.

லாசுப்பேட்டை:
வேண்டாம் அம்மா. மெல் என்றால் நாடி வலுவில்லாமல் கிடைக்கிறது என்று மாணவி குறித்துவிடுவாள். அது வேறு நோயாளி.