குடும்ப அறக்கட்டளைகளில் வேலை பார்த்தவர்கள், உதவி வாங்கியவர்கள்: மலையக அனுபவப் பகிர்வு

பண்டாரவளைக்காரி:

குடும்ப அறக்கட்டளையை நடத்துவது என்றால் காசு பங்கு பிரிக்கிற வேலை என்றுதான் எங்கள் வீட்டிலேயே நினைக்கிறார்கள். அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் போகும்போது "நம்ம பையனுக்கும் ஏதாச்சும் பார்த்துப் போடும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். காசு கொடுக்க வங்கி போதும். கொடுக்கிற குடும்பத்துக்கும் வாங்குகிற ஆட்களுக்கும் நடுவில் நிற்கத்தான் எனக்குச் சம்பளம். அதிலும் பாதி நேரம் குடும்பத்துக்குள்ளேயே நடுவில் நிற்க வேண்டிவரும்.

நான் வேலை பார்க்கும் குடும்பம் ஊவாப் பக்கம் டவுனில் கடை வைத்திருந்து, பிறகு கொழும்பில் இறக்குமதி வியாபாரத்தில் வளர்ந்தது. பெரியவர் காலமான பிறகு பிள்ளைகள் அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார்கள். வருடாந்தக் கூட்டம் அவருடைய திவசத்தன்று. காலையில் ஐயர் வந்து போவார், மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு, இலை எடுத்த கையோடு அதே மேசையில் கணக்குக் கோப்பு. அழுத கண் காயும் முன்னே போடுகிற கையெழுத்து எப்படி இருக்கும்? மூத்தவருக்கு அப்பா பெயரில் கட்டடம் வேண்டும். தங்கைக்கு அப்பா கடைசியாகப் பட்ட அவஸ்தை நினைவு, அதனால் ஆஸ்பத்திரிக் கட்டில். மெல்பனிலிருந்து வீடியோவில் வருகிற பேரனுக்குக் காலநிலை மாற்றம். யாரும் தப்பாகக் கேட்கவில்லை. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் என்ன தேவை என்ற பேச்சு வரும்போது பாயசம் ஆறிப்போயிருக்கும்.

ஒரு வருடம் அண்ணனும் தம்பியும் காணி வழக்கில் முகம் பார்க்காமல் இருந்தார்கள். அந்த வருடம் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளின் மாதப் பணத்துக்கு இரண்டாவது கையெழுத்துக் கிடைக்காமல் இழுபட்டது. தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு இருப்பது அபூர்வம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு பஸ் ஏறி வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு மதிலுக்காக நடக்கிற வழக்கு என்ன தெரியும்? அதன் பிறகு இரண்டு காரியம் செய்ய வைத்தேன். திவசம் வேறு நாள், கூட்டம் வேறு நாள். மாதப் பணம் முழுவதும் வருடத் தொடக்கத்திலேயே தனிக் கணக்குக்குப் போய்விடும். அதில் கையெழுத்துப் போடுவது நானும் கணக்காளரும். குடும்பத்தைச் சம்மதிக்க வைக்க ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது.

கட்டடத்துக்குப் பெயர் வைக்கிற விஷயத்தில் மூத்தவரிடம் சக் ஃபீனியைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். விமான நிலையத் தீர்வையற்ற கடைகளில் சம்பாதித்த அமெரிக்கர். 1982இல் அறக்கட்டளை தொடங்கி, சுமார் 800 கோடி டாலரைக் கொடுத்து முடித்து, 2020இல் அதை மூடியே விட்டார். எந்தக் கட்டடத்திலும் தன் பெயர் வர விடவில்லை. மூத்தவர் லேசான ஆளா? "டில்மா பெர்னாண்டோ ஐயா டில்ஹான், மலிக் என்று மகன்மார் பெயரைச் சேர்த்துத் தேயிலைக்கே வைத்தார். அறக்கட்டளை அவருடைய பெயரின் முதலெழுத்துகளில். அது மட்டும் நல்லாயிருக்கோ?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை, சிரித்துவிட்டேன். கடைசியில் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சின்னப் பலகை, பாடசாலை பழைய பெயரிலேயே.

இனி முக்கியமானது. லண்டனில் பிறந்த பேத்தி ஒருமுறை வந்தார். ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பிராவைத் திருத்திக் கொடுத்திருந்தோம். வேலையிலிருந்து நின்ற பாட்டி ஒருவர் பேத்தியின் கையைப் பிடித்து, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். பிறகு குரலில் கோபம் எதுவும் இல்லாமல் சொன்னார்: "ஒங்க தாத்தா கடையிலதான் எங்கப்பா பற்று வச்சிருந்தாரு. அம்மாவோட செகப்புக் கல்லுத் தோடு அங்கதான் போச்சு. திரும்பல."

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் பதறிப்போய், "ஏம்பாட்டி, அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று இழுத்தார். பேசட்டும் என்று அவரைக் கையமர்த்தினேன். பேத்திக்குத் தமிழ் முக்கால்வாசிதான் புரியும், ஆனால் தோடு புரிந்தது. பாட்டி கொடுத்த பிளேன்டீயை நின்றபடியே குடித்து முடித்தார். ராத்திரி தங்கியிருந்த இடத்திலிருந்து அப்பாவுக்கு எடுத்துக் கேட்டபோது, "கடன் கொடுக்காட்டி அதுகள் பட்டினிதான் கிடந்திருக்கும்" என்று பதில் வந்ததாம். அதுவும் பொய்யில்லை. சம்பள நாளுக்கு முன்னால் அரிசி மாவு கொடுத்ததே அந்தப் பற்றுக் கொப்பிதான்.

மறுநாள் காலையில் பண்டாரவளையில் நகைக் கடை திறந்ததும் தோடு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பேத்தி நின்றார். வேண்டாம் என்று தடுத்தேன். அந்த லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்தத் தோட்ட வீட்டு வரிசையில், தோடு போன வீடு அது ஒன்றுதானா? பாட்டி கேட்டதும் தோடு இல்லை. அதற்குப் பதிலாக அடுத்த வருடம் பேத்தி கேமராவும் வேனும் இல்லாமல் ரயிலில் வந்து ஒரு வாரம் தங்கினார். இன்றைக்கு அந்தக் குடும்பத்தில் "தோட்டத்தில் கேட்டீர்களா?" என்று கேட்கிற ஒரே ஆள் அவர்.

பசறை வாத்தியார்:

தங்கச்சி, தோட்டை வாங்கிக் கொடுக்க விட்டிருக்கலாம் என்பது என் கட்சி. மற்ற வீடுகளும் கேட்கட்டுமே, கேட்டால் என்ன?

நான் வாங்குகிற பக்கம். தோட்டப் பாடசாலைகளுக்கு 80களில் சுவீடன் நாட்டு உதவியில் கட்டடங்கள் வந்த காலத்திலிருந்து கொடையாளர்களைப் பார்க்கிறேன். கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் தேதி மண் சரிந்து லயங்கள் புதைந்த பிறகு கொஸ்லந்தைக்கு வந்த வாகனங்களை மறக்க முடியாது. இடம்பெயர்ந்த சனம் பாடசாலைகளில் இருக்க, துணி மூட்டை மலையாகக் குவிந்தது. மலைக்குளிரில் கிடக்கிற சனத்துக்குக் கையில்லாத சட்டையும் குதி உயர்ந்த செருப்பும். ஒரு குழு பிள்ளைகளுக்குப் பை கொடுத்தது, படம் சரியாக விழவில்லை என்று திருப்பி வாங்கி மறுபடி கொடுத்தது. இரண்டாம் முறை கை நீட்டும்போது பிள்ளைகள் சிரிக்கவில்லை.

ஒரு மாதத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். சனம் வீடு கிடைக்கும்வரை பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் காலம் தள்ளியது. அந்த நேரத்தில் கண்டியில் இருக்கும் ஒரு குடும்பம், பெயர் சொன்னால் கோபிப்பார்கள், மாதா மாதம் ஒரே தேதியில் வந்தது. கொண்டு வந்தது பெரிய தொகை இல்லை. "போன மாதம் வாங்கித் தந்த அடுப்பு வேலை செய்கிறதா?" என்று கேட்கும். முடியாததை முடியாது என்று அன்றைக்கே சொல்லும். பார்ப்போம் என்று இழுத்தடிக்கிற பத்துப் பேரை விட அந்தக் குடும்பம் மேல்.

வருகிறவர்கள் கட்டடம் தருகிறார்கள். கணிதத்துக்குத் தற்காலிக ஆசிரியர் ஒருவருக்கு மூன்று வருடம் சம்பளம் தாருங்கள் என்றால் முகம் மாறுகிறது. ஆசிரியரைத் திறந்து வைத்து நாடா வெட்ட முடியாதல்லவா.

நோர்வுட் தம்பி:

நான் அப்படி ஒரு உதவியில் படித்தவன். தவணைக்கு ஒரு நன்றிக் கடிதம், அதுவும் ஆங்கிலத்தில். சேர் பலகையில் எழுதிப் போடுவார், நாங்கள் எல்லோரும் பார்த்து எழுதுவோம், பெயர் மட்டும்தான் மாறும். கொடுக்கிற வீட்டம்மா ஒருநாள் நேரில் வந்து, "இனி எனக்கு நன்றி வேண்டாம், பஸ் காசு எவ்வளவு, டியூஷன் காசு எவ்வளவு என்று தமிழில் எழுதுங்க" என்றார். எழுதினோம். அடுத்த தவணையிலிருந்து பணம் கூடியது. இப்போது வேலைக்குப் போகிறேன், அவருக்குத் தீபாவளிக்கு மட்டும் போன் பண்ணுவேன்.

கணக்கர், நுவரெலியா:

வெளிநாட்டிலிருக்கும் குடும்பங்கள் எங்களிடம் வருகிறபோது முதல் கேள்வி பதிவு பற்றித்தான். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதியலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதக் கம்பனியாகவும், அதாவது பங்கு இல்லாமல் உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நிற்கிற கம்பனியாகவும், வைக்கலாம். நம்பிக்கைப் பொறுப்பாகவும் (டிரஸ்ட்) எழுதலாம். அது வழக்கறிஞர் வேலை, அரை நாளில் பேசி முடிக்கலாம். தலையிடி வேறிடத்தில். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது, நிலம் இன்னும் அரசுடையது. அதனால் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை கட்டினாலும் துரையின், அதாவது தோட்ட மேலாளரின், கடிதம் வேண்டும். துரை மாறினால் பேச்சு மறுபடி தொடக்கத்திலிருந்து. தலைவரை விட்டுவிட்டுத் துரையிடம் போனால் தலைவர் கோபிப்பார், தலைவரோடு போனால் மற்றச் சங்கம் கோபிக்கும்.

இன்னொன்று. அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் முதலீட்டுச் சொத்தில் சுமார் 5 சதவீதத்தை வருடா வருடம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம். அதனால் டிசம்பரில் திடீரென்று "உடனே ஒரு திட்டம் அனுப்புங்கள்" என்று அங்கிருந்து அழைப்பு வரும். அப்போது அவசரத்தில் எழுதுகிற திட்டங்களைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். ஜூனிலேயே ஒன்று எழுதி வைத்திருங்கள்.

பண்டாரவளைக்காரி:

வாத்தியார் ஐயா, தோடு விஷயத்தில் பேத்தியும் இன்னும் உங்கள் கட்சிதான். கணக்கர் சொன்ன துரை விஷயம் நூற்றுக்கு நூறு. சித்திரையோடு நான் இந்தப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். அடுத்து வருகிறவரிடம் கோப்பைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தோட்டத்துக்கும் கூட்டிப்போய், துரை, தலைவர், பிள்ளைக் காம்பிரா அக்கா என்று ஒவ்வொருவரிடமும் அறிமுகம் செய்துகொண்டிருக்கிறேன். கணித ஆசிரியர் சம்பளத்தை அடுத்த கூட்டத்தில் வைக்கலாம் என்று பேத்தி சொல்லியிருக்கிறார். பாடசாலை விவரம், எத்தனை பாடவேளை, மாதம் எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள் ஐயா, தமிழிலேயே.