நிறம் சூரியன் நிறம், ஒளி மட்டும் துளிகூட இல்லை: கையா கணக்கில் எங்கே தவறு?

கேள்வி | அம்பாசமுத்திரம்

வணக்கம். பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். மழை விட்ட ஒரு ராத்திரி, பிள்ளைகள் நாலு பேரை வீட்டு மாடிக்கு வரச்சொல்லி, நாலு அங்குலத் தொலைநோக்கியில் மிருகசீரிடம் பக்கம் மங்கலான ஒரு விண்மீனைக் காட்டினேன். "டீச்சர், இது சூரியனைவிடப் பெரிசா?" என்று ஒருத்தி கேட்டாள். கணக்குப் போட்டே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

விண்மீன்களை அளந்த ஐரோப்பிய விண்கலமான கையாவின் மூன்றாம் வெளியீட்டுப் பட்டியலில் கிடைத்தவை: ஜி மேக்னிட்யூட் (வெளிச்ச எண், குறையக் குறைய வெளிச்சம் கூடும்) 9.50, பிபி−ஆர்பி நிறம் (நீலப் பக்க, சிவப்புப் பக்க மேக்னிட்யூட்டுகளின் வித்தியாசம்) 0.82, பேரலாக்ஸ் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம்) 8.00, அதன் பிழை 0.05. எக்செலில் 1-ஐப் பேரலாக்ஸால் வகுத்தேன், தூரம் 0.125 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு) வந்தது. அப்சல்யூட் மேக்னிட்யூட், அதாவது 10 பார்செக் தூரத்தில் வைத்துப் பார்த்தால் வரும் மேக்னிட்யூட், 19. சூரியனுக்கு அது 4.67. அப்படியானால் இந்த விண்மீனின் ஒளி சூரியனில் பத்து லட்சத்தில் இரண்டு பங்குகூட இல்லை! நிறமோ அச்சு அசல் சூரியன். சூத்திரத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன். சனிக்கிழமை பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

பதில் | பாளையங்கோட்டை

சூத்திரம் சரிதான் டீச்சர், அலகுதான் இடறுகிறது. சூத்திரம் கேட்பது ஆர்க்செகண்டு (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு), கையாவில் பேரலாக்ஸ் அதில் ஆயிரத்தில் ஒன்றான மில்லி ஆர்க்செகண்டில் இருக்கும். 1000-ஐ 8-ஆல் வகுங்கள்: 125 பார்செக், ஏறக்குறைய 408 ஒளியாண்டு. தூரம் ஆயிரம் மடங்கு குறைந்துபோனதால் ஒளி பத்து லட்சம் மடங்கு குறைந்து காட்டியது.

பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்: சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் பிராக்சிமா சென்டாரிக்கே பேரலாக்ஸ் 768 மில்லி ஆர்க்செகண்டுதான். ஒரு ஆர்க்செகண்டை எட்டும் விண்மீனே கிடையாது. எட்டு ஆர்க்செகண்டு என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணாச்சி. இப்போது அப்சல்யூட் மேக்னிட்யூட் 4.02. ஒளி சூரியனைப்போல 1.8 மடங்கு. நிறம் ஒன்றுதான் என்பதால் வெப்பநிலையும் சூரியனின் 5772 கெல்வினை ஒட்டியே இருக்கும் என்று வைத்து (அப்போது ஒளி ஆரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும்), வர்க்கமூலம் எடுத்தால் ஆரம் 1.35 மடங்கு. "ஆமா, பெரிசுதான்" என்று சொல்லிவிடலாமா?

பதில் | தென்காசி

கொஞ்சம் பொறுங்கள் டீச்சர். பேரலாக்ஸ் பிழை 160-இல் ஒரு பங்கு. தலைகீழாக்கித் தூரம் எடுப்பதில் தப்பில்லை. 125 பார்செக்கில் இடையில் உள்ள தூசியும் பெரும்பாலும் பெரிதாகக் கெடுக்காது. எனக்கு இடிப்பது அந்த 1.8 தான். ஒரே மாதிரி இரண்டு விண்மீன்கள் ஒட்டி நின்று ஒன்றாகத் தெரிந்தால் நிறம் மாறாது, ஒளி மட்டும் இரட்டிக்கும், மேக்னிட்யூட்டில் 0.75 தூக்கிக் காட்டும். உங்களுடையது சூரியனைவிட 0.65 தூக்கலாக இருக்கிறது. வயதாகிக் கொஞ்சம் உப்பிய ஒற்றை விண்மீனும் இதே இடத்தில்தான் நிற்கும். நிறமும் ஒளியும் மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

ஆர்.யு.டபிள்யூ.இ. என்ற நெடுவரிசையைப் பாருங்கள். ஒற்றை விண்மீன் என்று வைத்துப் போட்ட பாதை அளவீடுகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான எண் அது. 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 1.4-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். அப்புறம் ஆரத்திசை வேகத்தின் (நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம்) பிழையையும் பாருங்கள்; ஒன்றையொன்று சுற்றும் இரட்டையில் அந்த வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் பிழை கூடலாம். இவ்வளவு வெளிச்சமான, சூரியன் மாதிரி விண்மீனுக்கு அது பொதுவாக நொடிக்கு 1 கிலோமீட்டருக்குள் இருக்கும்.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன் அக்கா. ஆர்.யு.டபிள்யூ.இ. 2.6. வேகப் பிழை 7.2! ஆனால் இரட்டை என்று குறிக்கும் நெடுவரிசையில் 0 தான் இருக்கிறது.

பதில் | தென்காசி

0 என்றால் ஒற்றை என்று அர்த்தமில்லை. இந்த வெளியீட்டில் இரட்டைக்கான தீர்வு எதுவும் பதிவாகவில்லை, அவ்வளவுதான். உங்கள் இரண்டு எண்ணும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. நான் இரட்டை என்றே எடுப்பேன். பேரலாக்ஸ் பிழை 0.05 என்பதையும் இனி அப்படியே நம்பாதீர்கள், உண்மைப் பிழை கூடுதலாக இருக்கும். பட்டியலில் உள்ள வழக்கமான ஆரமும் ஒற்றை விண்மீன் என்று வைத்துப் போட்டதுதான்.

கேள்வி கேட்டவர்

சமமான இரண்டு என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சூரிய ஒளியில் 0.9, ஆரம் 0.96. பெரிசா என்று கேட்டவளிடம், அது அநேகமாக இரண்டு விண்மீன், ஒவ்வொன்றும் நம் சூரியனைவிட ஒரு பிடி சிறிசு என்று சொல்லப்போகிறேன். எக்செல் கோப்பையும் அவள் கையிலேயே கொடுத்து, எட்டை அவளையே வகுக்கச் சொல்கிறேன்.