மாமா இல்லை, பெரியப்பா

சித்தி: அக்கா, விக்டோரியா ராணியின் சின்ன வயதுக் கதை என்று நீ சொன்ன படத்தை நேற்று ராத்திரி பார்த்து முடித்தேன். அரண்மனையில் இருந்து என்ன பயன்? யாராவது கையைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கக் கூடாதாம். ராணி ஆகும்வரை தூக்கம்கூட அம்மா அறையில்தான்.

பெரியம்மா: நாம் மூன்று பேரும் ஒரே பாயில்தான் படுத்தோம். நம்மை வைத்து யார் படம் எடுத்தார்கள்?

அம்மா: 😂😂

ரகு அண்ணா: படி விஷயம் கட்டுக்கதை இல்லை, சித்தி. கென்சிங்டன் அரண்மனையில் அவள் அம்மாவும், அந்த வீட்டு நிர்வாகத்தைப் பார்த்த ஜான் கான்ராயும் போட்ட சட்டம் அது. பட்டத்துக்கு வந்த பிறகும் எல்லாவற்றுக்கும் தங்களையே நம்பி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அம்மா: அந்தக் கான்ராய் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காய்ச்சலில் கிடக்கிற பெண்ணிடம் போய்க் கையெழுத்துக் கேட்கிறான்!

ரகு அண்ணா: அதுவும் நடந்ததுதான். 1835, ராம்ஸ்கேட்டில். அவனைத் தன் செயலாளராக நியமிக்கச் சொன்னார்கள். 16 வயதுப் பெண், முடியாது என்றுவிட்டாள்.

தீபா: எனக்கு அந்த மாமா ராஜாவைத்தான் பிடித்தது. விருந்தில் எல்லார் முன்னாலும் அவள் அம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கினாரே!

பெரியம்மா: மாமாவா? அவர் அவளுக்கு என்ன உறவு, சரியாகச் சொல்.

தீபா: சப்டைட்டிலில் அங்கிள் என்று போட்டார்கள், பெரியம்மா.

ரகு அண்ணா: நான்காம் வில்லியம் அவள் அப்பாவின் அண்ணன். பெரியப்பா.

பெரியம்மா: அப்படிச் சொல். பெரியப்பா என்றால்தான் அந்தக் கோபம் புரிகிறது.

ரகு அண்ணா: அந்த விருந்து 1836 ஆகஸ்டில். இன்னும் ஒன்பது மாதம் உயிரோடு இருந்துவிட்டால் போதும், ஆட்சி இவள் அம்மா கைக்குப் போகாது என்றார். சொன்னபடியே இருந்தார். 1837 மே 24-ல் அவளுக்கு 18 முடிந்தது, இனி அவள் பெயரில் அம்மா ஆள முடியாது. ஜூன் 20-ல் அவர் போய்விட்டார்.

அம்மா: நான்கு வாரம்கூட இல்லை!

சித்தி: அப்போ ஆல்பர்ட் யார்?

ரகு அண்ணா: அவள் அம்மாவின் அண்ணன் மகன்.

பெரியம்மா: தாய்மாமன் மகன்! முறைப் பையன்தானே. இதற்கா படம் முழுக்க இவ்வளவு யோசித்தாள்?

தீபா: ஆனால் கல்யாணத்துக்குக் கேட்டது அவள்தான், பெரியம்மா. பட்டத்தில் இருக்கும் ராணியிடம் ஆண் போய்க் கேட்கக் கூடாதாம்.

ரகு அண்ணா: 1839 அக்டோபர் 15, வின்ட்சர் கோட்டை. அடுத்த பிப்ரவரியில் கல்யாணம்.

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும், அந்த உடைகள்! நான் கதையைப் பாதிதான் கவனித்தேன். சும்மாவா ஆஸ்கர் கொடுத்தார்கள்.

சித்தி: ஆல்பர்ட் அவளுக்காகக் குறுக்கே பாய்ந்து குண்டடி பட்டானே, அங்கே அழுதுவிட்டேன்.

ரகு அண்ணா: சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்தேன். 1840-ல் ஒருவன் வண்டியை நோக்கி இரண்டு முறை சுட்டது உண்மை. யார் மேலும் படவில்லை.

சித்தி: நீ ஏன்டா எல்லாவற்றையும் தேடிப் படித்துத் தொலைக்கிறாய்?

நான்: அதே மாதிரி, அவள் ராணியானபோது பிரதமராக இருந்த மெல்போர்ன் பிரபுவுக்கு நிஜத்தில் 58 வயது, சித்தி. படத்தில் இளமையாகக் காட்டிவிட்டார்கள்.

சித்தி: நீயுமா!

பெரியம்மா: எனக்கு விக்டோரியா என்றாலே முக்காடும் தொங்கிய கன்னமுமாக உட்கார்ந்திருக்கும் கிழவி சிலைதான் ஞாபகம். படம் பார்த்த பிறகு அம்மாவின் வெள்ளி ரூபாயை எடுத்துப் பார்த்தேன். 1840 என்று போட்டிருக்கிறது. கிரீடம்கூட இல்லை, பின்னால் கொண்டை போட்ட சின்னப் பெண்.

பெரியம்மா: 📷 புகைப்படம்

தீபா: ஐயோ, எவ்வளவு அழகு!

அம்மா: அந்த ரூபாய் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று சொன்னாயே, அக்கா?

சித்தி: அதுதானே!

பெரியம்மா: அடுப்பில் பால் வைத்திருக்கிறேன். அப்புறம் வருகிறேன்.