1000 ஆணுக்கு 1088 பெண்ணாம், மிச்சம் 88 பேர் எங்கே?

சாளைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை பெருந்துறை பக்கம் ஒரு உறுதி வார்த்தைக்கு, அதாவது கல்யாண நிச்சயத்துக்கு, போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஃபோனை எடுத்து, "தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 1000 ஆணுக்கு 1088 பெண்ணுங்க. பொண்ணே இல்லைங்கறதெல்லாம் நீங்களாச் சொல்லிக்கறது" என்றார். அதற்கப்புறம் இலையில் கை வைக்கப் பிடிக்கவில்லை. என் மகனுக்கு 35 முடிந்துவிட்டது. பி.இ. படித்தவன். காங்கயம் பக்கம் பத்து ஏக்கர், கிணறு, தென்னை எல்லாம் இருக்கிறது. ஏழு வருஷமாக ஜாதகம் சுற்றுகிறது. 1088 என்றால் ஆயிரம் போக மிச்சம் 88 பேர் இருக்கணும். அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீளமேடு:
அவர் சொன்னது சரிதான். 2019-21இல் நடந்த ஐந்தாவது ஆய்வு அது. தமிழ்நாடு 1088, இந்தியா 1020. அதற்கு முந்தைய 2015-16 ஆய்விலேயே தமிழ்நாடு 1033. நாடு முழுக்க 6,36,699 வீடுகளில் எடுத்தது, டீக்கடையில் நாலு பேரைக் கேட்டு எழுதியது இல்லைங்க. உங்கள் வீட்டில் அமையவில்லை என்றால் ஆய்வு பொய்யாகிவிடுமா?

சாளைக்காரன்:
பொய் என்று நான் எங்கே சொன்னேன்? 88 பேர் எங்கே என்றுதான் கேட்டேன்.

ரிக்வண்டி:
அண்ணா, நான் சொல்கிறேன். நமக்குத் திருச்செங்கோடு பக்கம். 2020 ஆரம்பத்தில், கொரோனாவுக்கு முன்னாடி, எங்கள் வீட்டுக்கே அந்த ஆய்வுக்கு வந்தார்கள். ஒரு பொண்ணு டேப்லெட்டோடு திண்ணையில் உட்கார்ந்து, வழக்கமாக இங்கே குடியிருப்பவர் யார், விருந்தாளி யார் என்று பேர் எழுதிக்கொண்டது. அப்புறம் ஒவ்வொரு பேருக்கும் "நேத்து ராத்திரி இங்கதான் படுத்தாங்களா?" என்று கேட்டதாம். என் வீட்டம்மா சொன்னது. நான் அப்போது போர் போடுகிற வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தேன், தம்பி சத்தீஸ்கரில். அன்று ராத்திரி வீட்டில் படுத்தது அம்மா, என் மனைவி, தம்பி மனைவி, மகள், மகன். நாலு பெண், ஒரு ஆண். எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான். அந்த ராத்திரி வீட்டில் இருந்தவர்களை வைத்துத்தான் 1088 வருகிறது.

பீளமேடு:
உங்கள் தெருதான் தமிழ்நாடா? திருப்பூருக்கு வடக்கேயிருந்து வந்த ஆண்களைக் கணக்கில் சேருங்கள். நாலு பேர் ஒரு ரூமில் பொங்கிச் சாப்பிட்டால் அதுவும் ஆய்வில் ஒரு குடும்பம்தான். ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். அவர்களையும் சேர்த்துத்தான் 1088.

ரிக்வண்டி:
கம்பெனி ஹாஸ்டலில் படுப்பவன் சேரமாட்டான். அது வீடு வீடாக எடுக்கிற ஆய்வு.

அன்னூர் அம்மிணி:
ஹாஸ்டலில் ஆம்பளைகள் மட்டும்தான் இருக்கிறார்களா? நான் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் இரண்டு வருஷம் இருந்தேன். ஒரு ரூமில் பன்னிரண்டு பேர், சுவரோரமாக வரிசையாகப் பெட்டி, ஷிஃப்ட் முடிந்து வருகிறவள் படுக்க இன்னொருத்தி பாயைச் சுருட்டணும். அந்த கேட்டைத் தாண்டி இந்த ஆய்வு வராது. ரிக்வண்டி அண்ணா ஆண்கள் விட்டுப்போனதை மட்டும் சொல்கிறார், எங்களை யார் சொல்வது? அப்புறம் சாளைக்கார மாமா, பத்து ஏக்கர் என்றீர்கள். வருகிற பொண்ணு விடிகாலையில் மாட்டுக் கட்டுத்தரை கூட்டணுமா, வேண்டாமா? அதையும் சொல்லிவிடுங்கள்.

சாளைக்காரன்:
அம்மிணி, எங்கள் வீட்டில் பால் கறக்கவும் சாணி அள்ளவும் ஆள் இருக்கிறது. என் மனைவிக்கே அந்த வேலை இல்லை. தோட்டம் என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதும் ஃபோனை வைத்துவிடுகிறார்கள். கோயமுத்தூரில் ஃபிளாட் இருக்கா, ஐ.டி. சம்பளமா, அப்பா அம்மா கூட இருப்பார்களா, இவ்வளவுதான் கேள்வி. போன மாசம் வந்த ஒரு வரன், சாளைக்கு, அதாவது எங்கள் தோட்டத்து வீட்டுக்கு, தார் ரோடு இல்லை என்று நின்றுபோனது. சரி, என் கேள்விக்கு வாருங்கள். 88 பேர் எங்கே?

ராசிபுரம் டீச்சர்:
2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனவள் நான். பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக நடந்தோம். 28 ராத்திரி டார்ச்சோடு பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தவர்களையும் எண்ணினோம். அந்த இருபது நாளில் ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்தாலும் ஆள் கணக்கில் வந்துவிடும். அதில் தமிழ்நாடு 996. கோவை 1000, ஈரோடு 993, திருப்பூர் 989, சேலம் 954. நீங்கள் பிடித்துத் தொங்குகிற 1088இல் எல்லா வயசும் அடக்கம், கணவரை இழந்து தனியாக இருக்கிற பாட்டிகளும் சேர்த்தி. அதே அறிக்கையில் அடுத்த வரியை யாருமே படிக்கவில்லை. ஆய்வுக்கு முந்தைய ஐந்து வருஷத்தில் பிறந்த குழந்தைகளில் 1000 ஆணுக்கு 878 பெண்தான். 2015-16இல் அது 954 ஆக இருந்தது.

சாளைக்காரர் மகனுக்கு 35 வயசு. அவன் கைக்குழந்தையாக இருந்த காலத்தில்தான், 1992இல், தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிடு என்று ஒரு அரசாங்கம் கெஞ்ச வேண்டியிருந்தது. வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் சட்டமே போட்டார்கள். அன்றைக்கு இழந்த பொண்ணுகளுக்கு இன்றைக்கு ஜாதகம் கேட்டால் யார் எடுத்து வருவது?

பவானி ஜமுக்காளம்:
டீச்சர், சேலத்துக் கதையை எங்கள் தலையில் கட்டாதீர்கள். ஈரோட்டில் 993.

ராசிபுரம் டீச்சர்:
எங்கள் ஊர்க்காரர்கள் செய்தார்கள் என்று நானே சொல்கிறேனே. 2001இல் சேலம் மாவட்டத்தில் ஆறு வயசுக்குள் இருந்த குழந்தைகளில் 1000 ஆணுக்கு 851 பெண். ஈரோட்டில் ஸ்கேன் சென்டரே இருந்ததில்லையா?

பவானி ஜமுக்காளம்:
முதலில் சேலம் நம் கொங்கு நாட்டில் சேர்த்தியா என்று முடிவு பண்ணுங்கள். மேற்கே சங்ககிரி, எடப்பாடி வரைக்கும் சரி. மற்றதெல்லாம் பாராமகால், அதாவது தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்.

ரிக்வண்டி:
அப்போ நாமக்கல்? 1997 வரை நாங்கள் சேலம் மாவட்டம்தான். எங்களையும் தள்ளிவிடுவீர்களா?

பீளமேடு:
பேச்சை மாற்றவேண்டாம். 1088 அறிக்கையில் அச்சாகி இருக்கிறது. சாளைக்காரர் எப்போதுமே இப்படித்தான். போன வருஷம் அத்திக்கடவு - அவிநாசித் திட்ட விவாதத்திலும், குளத்துக்குத் தண்ணீர் வந்த படத்தைப் போட்ட பிறகும் "என் குளத்துக்கு வரலை" என்று அதையே நாற்பது தடவை எழுதினார். தன் வீடு, தன் குளம், அதற்கு மேல் அவருக்கு உலகம் கிடையாது.

சாளைக்காரன்:
என் குளத்துக்கு வராததை வரவில்லை என்று சொன்னது தப்பா? பக்கத்து ஊர்க் குளத்தைப் படம் எடுத்துப் போட்டவர் நீங்கள். அதற்கு இன்று வரை வருத்தம் தெரிவிக்கவில்லை. டீச்சர் சொல்வது எனக்கு வலிக்கிறது, ஆனால் என் வீட்டில் அப்படி நடக்கவில்லை. எனக்கு இரண்டு பொண்ணுகள், இரண்டையும் படிக்கவைத்துச் சீர் செய்து அனுப்பியவன் நான். நான் எதற்கு அந்தப் பழியைச் சுமக்கணும்?

அன்னூர் அம்மிணி:
அந்த இரண்டு பேரையும் தோட்டத்துக்காரருக்கா கொடுத்தீர்கள் மாமா?

சாளைக்காரன்:
ஒருத்தி சென்னையில், ஒருத்தி பெங்களூரில். அது வேற விஷயம்.

ராசிபுரம் டீச்சர்:
அது எப்படி வேற விஷயம்?

பீளமேடு:
அடுத்த கணக்கெடுப்பு 2027இல் வருகிறது. அதிலும் ஆயிரத்துக்கு மேல்தான் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரிக்வண்டி:
நான் அன்றைக்கு ஊரில் இருந்தால் வராது.

சாளைக்காரன்:
நாளைக்கு விடிகாலையில் தரகரோடு பாலக்காடு போகணும், அங்கே ஒரு இடம் சொல்லியிருக்கிறார். போய்விட்டு வந்து பார்க்கிறேன். இத்தனை பேர் இவ்வளவு எழுதியும் 88 பேர் எங்கே என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

பீளமேடு:
1088. அறிக்கையைப் படியுங்கள்.