வரலாற்றில் இன்று: ஏப்ரல் 23ஐப் பலகையில் எப்படி எழுதுவது?

கரும்பலகை டீச்சர் (உசிலம்பட்டி பக்கம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. காலை வழிபாட்டுக் கூட்டம் தொடங்குவதற்குள் அதில் மூன்று விஷயம் எழுதி வைப்பது என் பொறுப்பு: ‘வரலாற்றில் இன்று’ ஒன்று, ஒரு புதிர், ஒரு சிரிப்புத் துணுக்கு. பிள்ளைகள் முதலில் சிரிப்பைப் படிப்பார்கள், அப்புறம் புதிர். வரலாற்றுக்குக் கடைசி இடம்தான். அதை முதலிடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உலகப் புத்தக நாள் நெருங்கினால் வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றும்: ‘ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று, ஒரே நாளில் இறந்தார்கள்.’ அதை வகுப்பில் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “மிஸ், நூலகத்தில் இருக்கும் புத்தகத்தில் ஷேக்ஸ்பியருக்கு அடைப்புக்குள் மே 3 என்றும் போட்டிருக்கிறதே” என்று கேட்டாள். நாளைக்குத் தேடிச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.

எதை எழுதுவது? இது மாதிரி, வரலாறே புதிராகவும் இருக்கிற தேதிகள் வேறு உண்டா?

புரூஃப் அண்ணாச்சி (சிவகாசி) எழுதியது:

டீச்சர், அந்தப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள். அவள் பார்த்த மே 3ம் சரி, உங்களுக்கு வந்த ஏப்ரல் 23ம் சரி. ‘ஒரே நாளில்’ என்பதை மட்டும் அடித்துவிட வேண்டும்.

நான் தினசரி காலண்டர் அச்சடிக்கும் இடங்களில் புரூஃப் பார்த்தே ஓய்வு பெற்றவன். தாளுக்குப் பின்பக்கம் வரும் துணுக்கு, விடுகதை, அன்றைய வரலாறு எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகும். அதற்குள் தேதிகளைச் சரி பார்த்தாக வேண்டும். அந்த வேலையில் பழகியது இது: ஒரு தேதி கைக்கு வந்தால், எந்த ஊர்க் கணக்கு என்று கேட்காமல் தாளில் ஏற்றக் கூடாது. நம் ஊரிலேயே பாருங்கள். திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29. திருநள்ளாறு கோயில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி அது 2026ல். வானத்தில் இருப்பது ஒரே சனிதான், கணக்குத்தான் இரண்டு. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஐரோப்பாக் கதை தானாகப் புரிந்துவிடும்.

1616ல் ஸ்பெயின் புதுக் காலண்டருக்கு, அதாவது கிரிகோரியனுக்கு, மாறி 30 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இங்கிலாந்து பழைய ஜூலியனிலேயே இருந்தது, பத்து நாள் பின்னால். ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23 இங்கிலாந்தில் செவ்வாய்க்கிழமை. அதே செவ்வாய்க்கிழமை ஸ்பெயினில் மே 3. செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22, அடக்கம் செய்தது 23 என்பதுதான் ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஆக, இருவர் மரணத்துக்கும் நடுவில் 11 நாள் இருக்கிறது. யுனெஸ்கோ 1995ல் ஏப்ரல் 23ஐத் தேர்ந்தெடுத்தது தேதிப் பொருத்தத்துக்காக. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நானாக இருந்தால் ஏப்ரல் 22 அன்று பலகையில் புதிரை மட்டும் எழுதுவேன்: ‘இருவர் இறந்த தேதியும் ஏப்ரல் 23 என்கிறார்கள். ஆனால் ஒருவர் சாவு மற்றவருக்குப் பல நாள் கழித்து. ஆண்டும் ஒன்றே. எப்படி?’ விடையை மறுநாள் காலையில் சொல்லுங்கள். ஒரு ராத்திரி பிள்ளைகள் அதை வீட்டில் போட்டு உருட்டட்டும்.

இனி இந்த வகைத் தேதிகள். ஐரோப்பிய நிகழ்ச்சி 1582க்கும் 1923க்கும் நடுவில் வந்தால் நான் பேனாவை நிறுத்திவிடுவேன். முதலில் மாறியவை இத்தாலிய அரசுகள், ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து: 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி. பிரிட்டன் 1752ல் மாறியது, ரஷ்யா 1918ல், கிரீஸ் 1923ல்.

இதில் மாட்டுகிற பெரிய செய்தி, ‘கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்’ என்பது. கலிலியோ 1642 ஜனவரி 8 அன்று இறந்தார், அது இத்தாலியின் புதுக் கணக்கு. நியூட்டன் 1642 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தார், அது இங்கிலாந்தின் பழைய கணக்கு. இரண்டையும் ஒரே காலண்டரில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. அழகான செய்திதான், ஆனாலும் என் மேசையில் வந்தபோதெல்லாம் அதை எடுத்துவிட்டேன்.

‘அக்டோபர் புரட்சியை ஏன் நவம்பர் 7ல் கொண்டாடினார்கள்?’ என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே அப்போது அக்டோபர் 25. பிறகு 1918ல் ஜனவரி 31க்கு அடுத்த நாளையே பிப்ரவரி 14 ஆக்கினார்கள்.

நம் மண்ணிலும் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டை சரணடைந்த நாள் இங்கிலீஷ்காரர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடிதம் போனால், எழுதிய தேதிக்கும் போய்ச் சேர்ந்த தேதிக்கும் நடுவில் 11 நாள் சும்மாவே கூடும். அந்தக் காலத்தில் புதுச்சேரியில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ் வருஷம், மாதம், தேதியோடு பிரெஞ்சுக்காரர் வழங்கிய தேதியையும் சேர்த்து எழுதினார். அந்த ஒழுங்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

சிரிப்புப் பகுதிக்கும் ஒன்று தருகிறேன். ஆசிரியர் தினத்தன்று எழுதுங்கள்: ‘1752 செப்டம்பர் 5 அன்று லண்டனில் பிறந்தவர்கள் எத்தனை பேர்?’ விடை: ஒருவரும் இல்லை. அந்த ஆண்டு அங்கே செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை.

ஒரு எச்சரிக்கை. ‘எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு’ என்று இங்கிலாந்தில் கலவரம் நடந்ததாக ஒரு கதை உலவுகிறது. அந்த முழக்கம் ஹோகார்த் என்ற ஓவியர் தேர்தலைக் கிண்டல் செய்து 1755 வாக்கில் வரைந்த படத்தில் ஒரு பதாகையில் இருக்கிறது. கலவரம் நடந்ததற்கு வரலாற்றாசிரியர்கள் சான்று காணவில்லை. பிள்ளைகளிடம் படத்தைக் காட்டுங்கள், கலவரத்தைப் பலகையில் ஏற்ற வேண்டாம்.

கரும்பலகை டீச்சர்:

அண்ணாச்சி, இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில். சென்னை–புதுச்சேரி விஷயத்தை எட்டாம் வகுப்பில் கர்நாடகப் போர் பாடத்தோடு சேர்க்கப் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம், பிள்ளைகளும் கண்டிப்பாகக் கேட்பார்கள். 1616ல் வித்தியாசம் 10 நாள், 1746ல் 11, ரஷ்யாவில் 13. ஏன் வளர்ந்துகொண்டே போகிறது?

கணக்கு வாத்தியார்:

இது என் பக்கம், நான் சொல்கிறேன் டீச்சர்.

ஜூலியன் கணக்கில் ஆண்டுக்கு 365.25 நாள். பருவங்கள் திரும்பி வர உண்மையில் ஆவது ஏறத்தாழ 365.2422 நாள். வித்தியாசம் 11 நிமிடம் சொச்சம். 128 ஆண்டு சேர்ந்தால் அது ஒரு முழு நாள் ஆகிவிடும். அப்படிச் சேர்ந்து சேர்ந்து, 1582க்குள் வசந்த சம இரவு நாள் மார்ச் 21லிருந்து 11க்கு நகர்ந்துவிட்டது. ஈஸ்டர் கணக்கு அதை வைத்துத்தான். அதனால் போப் 13ஆம் கிரிகோரி பத்து நாளை வெட்டினார்.

மறுபடி நகராமல் இருக்க ஒரு விதியும் வைத்தார்கள்: நூற்றாண்டு ஆண்டு 400ஆல் வகுபட்டால்தான் லீப். 1600 இரு கணக்கிலும் லீப். 1700 ஜூலியனில் லீப், கிரிகோரியனில் கிடையாது, வித்தியாசம் 11 ஆனது. 1800ல் 12, 1900ல் 13. 2000 இரண்டிலும் லீப் என்பதால் இன்றும் 13தான். 2100ல் 14 ஆகும். ‘2100ல் பிப்ரவரி 29 உண்டா?’ என்று பலகையில் எழுதிப் பாருங்கள், பாதிப் பேர் உண்டு என்பார்கள்.

இதில் தடுமாறிய நாடு ஸ்வீடன். கொஞ்சம் கொஞ்சமாக மாறலாம் என்று 1700ல் லீப் நாளை விட்டார்கள். 1704, 1708ல் விட வேண்டியதை விடவில்லை. அதனால் பழைய கணக்கோடும் சேராமல் புதுக் கணக்கோடும் சேராமல் நின்றார்கள். கடைசியில் பழையதற்கே திரும்ப, 1712 பிப்ரவரியில் ஒரு நாளைக் கூட்டினார்கள். ஸ்வீடனில் அந்த ஆண்டு பிப்ரவரி 30 உண்டு!

புதிர் கேட்டீர்கள் அல்லவா, பழசு ஒன்று: ‘முந்தாநாள் எனக்கு 25 வயது. அடுத்த ஆண்டு எனக்கு 28 ஆகும்.’ இதை அவர் என்று சொன்னார்? ஜனவரி 1 அன்று. பிறந்தநாள் டிசம்பர் 31. தாளில் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் என் வகுப்பில் எல்லாவற்றையும் விட எடுபட்டது பிறந்தநாள் மாயச் சதுரம். எந்தப் பிள்ளைக்கும் போடலாம். சுதந்திர தினத்தை வைத்துக் காட்டுகிறேன், 15-8-19-47:

15, 8, 19, 47
48, 18, 5, 18
6, 17, 49, 17
20, 46, 16, 7

குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை, எப்படிக் கூட்டினாலும் 89. வழி இதுதான். முதல் வரிசை நாள், மாதம், ஆண்டின் முன்பாதி, பின்பாதி. அவற்றை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வரிசை: ஈ+1, இ−1, ஆ−3, அ+3. மூன்றாவது: ஆ−2, அ+2, ஈ+2, இ−2. நான்காவது: இ+1, ஈ−1, அ+1, ஆ−1. ஜனவரி, பிப்ரவரிப் பிள்ளைகளுக்குக் குறை எண் வரும்; முழுக்கள் பாடம் படித்தவர்களுக்கு அது இன்னும் நல்ல பயிற்சி. ராமானுஜன் பிறந்த 22-12-18-87ஐ டிசம்பர் 22 அன்று போடுங்கள், கூட்டல் 139 வரும். அவருடைய இரண்டாம் நோட்டுப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே மாயச் சதுரங்களைப் பற்றியதுதான். பிள்ளைகளிடம் அதையும் சொல்லுங்கள்.

பெரிய வகுப்புக்கு ஒன்று: 400 ஆண்டுக்கு 1,46,097 நாள், சரியாக 20,871 வாரம். அதனால் 400 ஆண்டுக்கு ஒரு முறை கிழமைகள் அப்படியே திரும்பும். அந்த 4,800 மாதங்களில் 13ஆம் தேதி அதிகம் விழும் கிழமை எது? வெள்ளி, 688 முறை.

கப்பல்காரன் (தூத்துக்குடி):

காலண்டரை மாற்றாமலே நாள் தொலைவது கடலில் நடக்கும் டீச்சர். எங்கள் கப்பல் பசிபிக்கில் தேதிக்கோட்டைத் தாண்டும்போது லாக் புத்தகத்தில் ஒரு தேதியை விடுவோம், அல்லது ஒரே தேதியை இரண்டு முறை எழுதுவோம். புதிதாக வரும் பையன்களுக்கு முதல் தடவை அது பெரிய ஆச்சரியம்.

இதை முதலில் உணர்ந்தவர்கள் மகெல்லன் கப்பல் கூட்டத்தார். உலகைச் சுற்றி வந்த விக்டோரியா கப்பல் 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளை அடைந்தது. கப்பலில் இருந்தவர்களுக்கு அன்று புதன்கிழமை. கரையில் வியாழக்கிழமை என்றார்கள். தினமும் விடாமல் நாட்குறிப்பு எழுதி வந்த பிகாஃபெட்டாவுக்கு அது பெரிய திகைப்பு. மேற்கு நோக்கியே போய் உலகைச் சுற்றியதில் ஒரு நாள் குறைந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது.

அலாஸ்காவில் இரண்டும் ஒன்றாக நடந்தது. ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா வாங்கியபோது, 1867 அக்டோபர் 6 வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள் அக்டோபர் 18, அதுவும் வெள்ளிக்கிழமை. தேதி தாவியது காலண்டர் மாறியதால். கிழமை நகராதது தேதிக்கோடு மாறியதால். ‘இரண்டு வெள்ளி அடுத்தடுத்து வந்த ஊர் எது?’ என்று கேளுங்கள்.

சமீபத்திய கதை வேண்டுமென்றால் சமோவா. அங்கே 2011 டிசம்பர் 30 கிடையாது. வியாழன் முடிந்ததும் சனிக்கிழமை.

கரும்பலகை டீச்சர்:

சமோவா ஏன் அப்படிச் செய்தது சார்? காரணம் இல்லாமல் பலகையில் எழுதினால் பிள்ளைகள் என்னை விடமாட்டார்கள்.

கப்பல்காரன் (தூத்துக்குடி):

வியாபாரம்தான் டீச்சர். அவர்கள் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு. சமோவாவில் வெள்ளிக்கிழமை வேலை பார்க்கும்போது அங்கே சனிக்கிழமை விடுமுறை; அங்கே திங்கட்கிழமை கடை திறக்கும்போது இங்கே ஞாயிறு, எல்லோரும் தேவாலயத்தில். வாரத்துக்கு இரண்டு வேலை நாள் வீணானது. அதனால் கோட்டின் மேற்குப் பக்கம் போய்விட்டார்கள். 1892ல் இதற்கு நேர்மாறாக, அமெரிக்க வியாபாரிகளோடு ஒத்துப்போகக் கிழக்குப் பக்கம் சேர்ந்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டு சமோவாவில் ஜூலை 4 இரண்டு முறை வந்தது.