வேலூரை வளர்த்தது ஆஸ்பத்திரியா? (அல்லேரியை மறந்துட்டு பேசுறவங்களுக்கு)

அணைக்கட்டான்:
"மாவட்டத்துக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டுங்க, வளர்ச்சி தானா வரும், வேலூரே சாட்சி"ன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார். படிச்சதுல இருந்து மனசு ஆறல. 2023 மே மாசம் எங்க அணைக்கட்டு தாலுகா அல்லேரி மலையில ஒன்றரை வயசுக் குழந்தையை பாம்பு கடிச்சது. சரியான ரோடு இல்ல, ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில இறக்கி விட்டுட்டுது. பெத்தவ பிணத்தைத் தூக்கிக்கிட்டு மலை ஏறினா. சி.எம்.சி.ங்கிற அவ்வளவு பெரிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிற அதே வேலூர் மாவட்டம்தான் இதுவும்.

லாட்ஜ்காரர்:
எழுதினது நான்தான். 1900-ல ஐடா ஸ்கடர் அம்மா ஒத்தைக் கட்டிலோட ஆரம்பிச்ச இடம் சி.எம்.சி. இன்னைக்கு காந்தி ரோட்டுல நடந்து பாருங்க. பெங்காலியில போர்டு, மீன் குழம்புக் கடை, மருந்துக் கடை, ஆட்டோ, லாட்ஜ். கொல்கத்தாவுல இருந்தும் பங்களாதேஷ்ல இருந்தும் வர்றவங்க பணம் எங்க ஊர்லதான் இறங்குது. அல்லேரி விஷயம் வேற. அது ரோடு பிரச்சினை, மருத்துவப் பிரச்சினை இல்ல.

அணைக்கட்டான்:
ரோடு பிரச்சினையாம்! விஷமுறிவு ஊசி கீழே இருக்கு, பிள்ளை மேலே இருக்கு. நடுவுல இருக்கிறது ரோடுதானே? கொல்கத்தாக்காரன் ரெண்டு நாள் ரயில்ல வந்து வைத்தியம் பாத்துட்டுப் போறான். பக்கத்து மலைக்காரனால வர முடியல. இதுக்குப் பேரு வட்டார வளர்ச்சியா?

தோல்ஷாப் கணக்கு:
ரெண்டு பேரும் அடிப்படையையே விட்டுட்டீங்க. இந்தப் பக்கம் சோறு போட்டது தோல் தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. ஷூ கம்பெனிக்குப் போற பொம்பளைங்க சம்பளம்தான் குடும்பத்தை நிமிர்த்துச்சு. கையில காசு வந்தப்புறம்தான் ஜனங்க டாக்டர்கிட்டயே போனாங்க.

லாட்ஜ்காரர்:
ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், ராணிப்பேட்டை தனி மாவட்டம். 2019-லயே பிரிச்சாச்சு. வேலூர் கணக்குல எதுக்கு இழுக்கறீங்க?

தோல்ஷாப் கணக்கு:
கோடு போட்டது 2019-ல. தோல் அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே வந்துடுச்சு. போன மாசமும் இதே மாதிரிதான் மாவட்டக் கோட்டைக் காட்டித் தப்பிச்சீங்க, நான் மறக்கல.

ஓய்வுபெற்ற செவிலி:
தம்பி, தோலைப் பத்தி பெருமையா பேசாதீங்க. பாலாத்துல என்ன கலந்துச்சுன்னு 1996-ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புல எழுதிச்சு. அந்தத் தண்ணியைக் குடிச்சவங்க வந்து நின்னது எங்க சுகாதார நிலைய வாசல்ல.

நான் கிராமம் கிராமமா நடந்தவ. ஆஸ்பத்திரி இருக்கிறது வேற, ஜனம் அதைப் பயன்படுத்துறது வேற. மாசமா இருக்கிற பொண்ணு செக்கப்புக்கு வந்தா அன்னைக்குக் கூலி போச்சு, கூட வர்ற மாமியாரோட கூலியும் போச்சு. மாசமா இருக்கிறவங்களுக்கு அரசாங்கம் உதவி குடுக்கிற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 ரூபாய்னு வந்தப்புறம் வீட்டுல அனுப்புறதுக்குத் தயங்கறது குறைஞ்சுது. சி.எம்.சி.யையும் லாட்ஜை மட்டும் வச்சு அளக்காதீங்க. கே.வி.குப்பம் ஒன்றியத்துல 1977-ல இருந்து ரூஷா (RUHSA)ங்கிற சி.எம்.சி.யோட கிராமப்புறப் பிரிவு வழியா ஊருக்குள்ளயே வந்து வைத்தியமும் பாத்தாங்க, தொழிலும் கத்துக் குடுத்தாங்க.

லாட்ஜ்காரர்:
பாத்தீங்களா, அக்காவே என் பக்கம்.

ஓய்வுபெற்ற செவிலி:
நான் யார் பக்கமும் இல்ல. ஊருக்குள்ள வந்தாங்கன்னு சொன்னேன். லாட்ஜுக்கு வந்தாங்கன்னு சொல்லல.

அணைக்கட்டான்:
அக்கா சொன்னதுதான் விஷயம். கே.வி.குப்பம் சமவெளி, வண்டி போச்சு. மலைக்கு எது போச்சு? மறுபடியும் கேக்கறேன், அல்லேரி ரோடு பிரச்சினைன்னா மருத்துவப் பிரச்சினை எங்கதான் ஆரம்பிக்குது? ஆஸ்பத்திரி கேட்டுக்கு உள்ளேயா?

லாட்ஜ்காரர்:
காட்டு நிலத்துல ரோடு போட வனத்துறை அனுமதி வேணும். அதுக்கு ஆஸ்பத்திரி என்ன பண்ணும்? நாலு தடவை சொல்லிட்டேன், அது ரோடு பிரச்சினை.

தோல்ஷாப் கணக்கு:
லாட்ஜ் வாடகை ஏறினதுல உள்ளூர்க்காரன் டவுனுக்குள்ள குடியிருக்க முடியல. அதையும் வளர்ச்சிக் கணக்குல எழுதிக்குங்க.

லாட்ஜ்காரர்:
உங்க ஷூ கம்பெனி மட்டும் வீடு கட்டிக் குடுத்துச்சா?

அணைக்கட்டான்:
வாடகையை அப்புறம் பேசிக்கலாம். 2022 ஜனவரியில தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 11 அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. ராமநாதபுரம், கள்ளக்குறிச்சி, அரியலூர், நீலகிரின்னு. மனசார வரவேற்கிறேன். ஆனா கள்ளக்குறிச்சி டவுன் பக்கத்துல கல்லூரி நிக்குது, கல்வராயன் மலையில இருக்கிறவன் எப்படி இறங்கி வருவான்? அந்த ரோட்டையும் அதே திட்டத்துல எழுதணும், அதே பட்ஜெட்ல போடணும்னுதான் கத்திக்கிட்டு இருக்கேன். எழுதினா ரோடு பிரச்சினைன்னு ஒதுக்கித் தள்ள முடியாது.

லாட்ஜ்காரர்:
இப்ப கல்வராயன் மலைக்கே போயிட்டீங்க. பேச்சு வேலூரைப் பத்தி.

அணைக்கட்டான்:
சரி, வேலூருக்கே வர்றேன். அல்லேரி வேலூர்லதான் இருக்கு.